வாணம் முதல் ஏவுகணை வரை – 11: மூன்று முறை மட்டும் பறந்த அக்னி

நிலக்கோட்டைப் பாளையம் அடங்கிய திண்டுக்கல் சீமைக்கு 1755-இல் ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு அங்கே ஆயுதச்சாலை அமைத்ததில் நம் தொடர் தொடங்கியது. இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்த மைசூர் வாணங்கள் 1780-இல் பொள்ளிலூரில் கம்பெனிப் படையைச் சிதறடித்ததையும், 1799-க்குப் பிறகு அவை வுல்விச் ஆயுதச்சாலைக்குப் போய் காங்கிரீவின் ராக்கெட்டுக்கு வழிகாட்டியதையும் பார்த்தோம். பிறகு தும்பா ஏவுதளம் வந்தது. சென்ற வாரம், 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

அங்கிருந்து ஒன்பது ஆண்டுகள் தாண்டுவோம்.

1989 மே 22, காலை 7 மணி 10 நிமிடம். ஒடிசாவின் சண்டிபூர் கடற்கரையிலிருந்து அக்னி எழுந்தது. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளி அதன் முன்முனை வங்கக் கடலில் விழுந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

எது பறந்தது என்ற வழக்கு மட்டும் முடியவில்லை.

இரண்டு வாக்குமூலங்கள்

பறந்தது ஆயுதம் அல்ல, தொழில்நுட்பச் செயல்விளக்கக் கலம் என்றது டெல்லி. அமைதிக்கான விண்வெளித் திட்டம் என்று சொல்லிக்கொண்டு வளர்த்த ராக்கெட்டை இந்தியா அணுகுண்டு சுமக்கத் தயார் செய்கிறது என்றார்கள் மேலைநாட்டு விமரிசகர்கள். இரு தரப்பும் பேசியது நோக்கத்தைப் பற்றி. நோக்கத்தை அறிக்கைகளில் தேடினால் அவரவருக்கு வேண்டியது கிடைக்கும். அதைவிட நம்பகமான சாட்சி அந்த ராக்கெட்டின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எது அதற்கென்றே புதிதாகச் செய்யப்பட்டது, பின்னால் வந்த ஏவுகணைக்கு எது போய்ச் சேர்ந்தது, எது கைவிடப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டால் வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும். 1989-இன் அக்னி ஆயுதமாகப் பயன்படக்கூடியதாக இல்லை. ஆனால் ஓர் ஆயுதத்துக்கு இந்தியாவிடம் இல்லாதிருந்த ஒரே ஒரு பாகத்தைச் செய்து பார்க்கவே அது கட்டப்பட்டது. அந்த உடம்பு சொல்லும் சேதி இதுதான் என்பது இந்த வாரத்தின் வாதம்.

இப்படிப்பட்ட ராக்கெட்டுக்கு உலகத்தில் முன்னோடி உண்டு. 1946-இல் அமெரிக்க ராணுவ விமானப் படை கான்வேர் நிறுவனத்திடம் எம்.எக்ஸ்.-774 என்ற திட்டத்தை ஒப்படைத்தது. மறு ஆண்டே நிதி வெட்டப்பட்டது. மிச்சமிருந்த பணத்தில் 1948-இல் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் பாலைவனத்திலிருந்து மூன்று ராக்கெட்டுகளை ஏவினார்கள். மூன்றில் ஒன்றுகூட முழுதாக வெற்றி பெறவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது தோல்வி. ஆனால் கேரல் போஸார்ட் என்ற பொறியாளரின் குழு அதில் மூன்று யோசனைகளைச் சோதித்திருந்தது. எஞ்சினையே சாய்த்துத் திசை திருப்புவது ஒன்று; ராக்கெட்டின் மேல்தோலையே எரிபொருள் தொட்டியின் சுவராக்கி எடையைக் குறைப்பது இன்னொன்று; முழு ராக்கெட்டும் போய் விழ வேண்டியதில்லை, முன்முனை மட்டும் பிரிந்து சென்றால் போதும் என்பது மூன்றாவது. பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையான அட்லஸ் இந்த யோசனைகளின் மேல்தான் எழுந்தது. ஆக, ஒரு சோதனை ராக்கெட்டைப் பறந்த தூரத்தை வைத்து எடை போடக் கூடாது. அது விட்டுப்போன சொத்தை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

டெவில் விட்டுப்போன சொத்து

அக்னிக்கு வந்த சொத்தில் ஒரு பங்கு, பெயர் சொல்லவே பலர் தயங்கிய ஒரு திட்டத்திலிருந்து வந்தது. 1972-இல் ஐதராபாத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தில் டெவில் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஏர் கமடோர் வி.எஸ். நாராயணன். நம் விமானப் படையிடம் சோவியத் யூனியனிலிருந்து வாங்கிய எஸ்.ஏ.-2 ஏவுகணைகள் இருந்தன. 1960-இல் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது அதே ரகம். அதைக் கழற்றி, பாகம் பாகமாக அளந்து, ஒவ்வொன்றையும் இங்கேயே செய்துவிடுவது என்பதுதான் டெவில் திட்டத்தின் வழி.

வழி எளிதாகத் தோன்றியது. அதுவே சிக்கலுமானது.

பிரம்ம பிரகாஷ் தலைமையில் ஒரு நிபுணர் குழு அந்தத் திட்டத்தை ஆய்வு செய்தது. இஸ்ரோவிலிருந்து அப்துல் கலாமும் அதில் இடம் பெற்றிருந்தார். பாகங்களைச் செய்து முடிப்பதில் ஆய்வகம் நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறது. ஆனால் ஒரு பாகம் ஏன் அந்த அளவில், அந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய வடிவமைப்புத் தரவை உருவாக்குவதில் அந்த வேகம் இல்லை என்று குழு கண்டது. இது நுட்பமான, முக்கியமான வேறுபாடு. ஒரு வால்வை அச்சு அசலாகக் கடைந்துவிடலாம். எரிபொருளை மாற்றினால், வீச்சைக் கூட்டினால் அந்த வால்வை எப்படி மாற்றுவது என்பது அசலை எத்தனை முறை அளந்தாலும் தெரியாது. திட்டத்தைத் தொடரலாம் என்று குழு சொன்னது. மேலிடமும் அதை ஏற்றது. ஆனாலும் 1980 வாக்கில் டெவில் முடிந்துபோனது.

முடிந்தது திட்டம்தான். நைட்ரிக் அமிலத்தில் எரியும் மூன்று டன் உந்துவிசைத் திரவ எஞ்சின் ஆய்வகத்தில் இருந்தது. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் இல்லாமல் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடும் நிலைமத் திசையறி கருவிகளில் பெற்ற பயிற்சி இருந்தது. அவற்றைக் கையாளத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். 1982-இல் கலாம் அந்த ஆய்வகத்தின் இயக்குநரானபோது அவர் கையில் வந்து சேர்ந்தவை இவைதாம். மறு ஆண்டு, பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் வி.எஸ். அருணாச்சலமும் கலாமும் ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் யோசனையோடு போனார்கள். அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள் என்று திருப்பி அனுப்பினார். 1983 ஜூலையில் 388 கோடி ரூபாயில் பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்று ஐந்தும் ஒன்றாகப் பிறந்தன.

இந்த ஐந்தில் டெவிலின் நேரடி வாரிசு பிருத்வி. 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த பிருத்வியை உந்தியது இரட்டைத் திரவ எஞ்சின். அதன் வேர் டெவிலில் இருந்தது. அக்னி இரு வீட்டுப் பிள்ளை. அதன் முதல் அடுக்கு, எஸ்.எல்.வி.-3-இன் திட எரிபொருள் அடுக்கு. இரண்டாம் அடுக்கு, பிருத்வியின் திரவ எஞ்சின். இரண்டும் அண்ணன்மாரின் சட்டைகள். தம்பிக்கென்று அளவெடுத்துத் தைத்தவை அல்ல.

திரும்பி வர வேண்டிய முனை

அப்படியானால் அக்னிக்கென்றே செய்யப்பட்டது எது?

செயற்கைக்கோளைக் கொண்டுபோகும் ராக்கெட்டில் எதுவும் திரும்பி வர வேண்டியதில்லை. அதன் முனையில் இருக்கும் கவசம் காற்று அடர்ந்த பகுதியைத் தாண்டும்வரை கோளைக் காத்துவிட்டு, இரண்டாகப் பிரிந்து விழுந்துவிடும். நெடுந்தூர ஏவுகணையில் நிலைமை நேர்மாறு. அடுக்குகள் வழியில் கழன்று விழலாம். முனை மட்டும் காற்று மண்டலத்தை விட்டு வெளியே போய், மறுபடியும் அதற்குள் நுழைந்து, உள்ளே இருப்பது கெடாமல் தரைக்கு வர வேண்டும். 1,000 கிலோமீட்டர் பாயும் ஏவுகணையின் முனை விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. முன்னால் உள்ள காற்று விலக நேரமில்லாமல் நசுங்கிச் சூடேறுகிறது. முனையின் வெளிப்பரப்பு 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டலாம். உள்ளே உள்ள மின்னணுக் கருவிகளோ சாதாரண வெப்பத்திலேயே வேலை செய்யக்கூடியவை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான்.

வல்லரசுகளும் இந்தச் சுவரில் முட்டி நின்றவைதாம். முனை ஊசிபோல இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் என்று முதலில் நினைத்தார்கள். மழுங்கிய முனை தனக்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலையை உண்டாக்கி, வெப்பத்தில் பெரும்பகுதியைத் தள்ளியே வைத்துவிடும் என்று 1951-இல் அமெரிக்காவின் ஜூலியன் ஆலன் கண்டு சொன்னார். கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தாலும் பறக்கவிட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும். அதற்காகவே லாக்ஹீட் நிறுவனம் எக்ஸ்-17 என்ற மூன்றடுக்கு ராக்கெட்டைச் செய்தது. முதல் அடுக்கு அதை உயரே கொண்டுபோகும். மற்ற இரண்டும் இறங்கும்போது பற்றிக்கொண்டு, முனையை ஒலியைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் காற்றுக்குள் தள்ளும். குண்டு சுமப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் பிற்கால ஏவுகணைகள் பலவற்றின் முனைக்கு அதன் தரவுகள் உதவின.

இந்தியா இதைக் கடையில் வாங்க முடியாது. 1987 ஏப்ரலில் ஏழு தொழில்வள நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை அறிவித்திருந்தன. 500 கிலோ எடையை 300 கிலோமீட்டர் கொண்டுபோகும் எதற்கும் பாகமோ அறிவோ தருவதில்லை என்பது அதன் சாரம். எனவே முனை இங்கேயேதான் பிறக்க வேண்டியிருந்தது. கார்பன் இழைகளை நெய்து, கார்பனாலேயே இடைவெளிகளை நிரப்பி, உலையில் மீண்டும் மீண்டும் சுட்டு இறுக்கிய கார்பன்-கார்பன் கலவை அதற்குப் பொருளானது. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் முனையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்பதைக் கணிக்கும் மென்பொருளை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் தேஷ்பாண்டேயும் இளம் ஆய்வாளர்களும் எழுதிக் கொடுத்தார்கள். டெவிலில் இல்லாமற்போன வடிவமைப்புத் தரவு இம்முறை முதலில் வந்தது. இந்தக் கலத்துக்குக் கலாம் மனத்தில் வைத்திருந்த பழைய பெயர் ரெக்ஸ்; மறுநுழைவுப் பரிசோதனை என்பதன் சுருக்கம். அக்னி என்ற பெயர் பிறகு வந்தது. எதற்காகச் செய்தார்கள் என்பதை அந்தப் பழைய பெயரே சொல்லிவிடுகிறது.

பதினான்கு விநாடி, பத்து விநாடி

சண்டிபூரே ஒரு சமரசம்தான். நிரந்தரச் சோதனைத் தளம் அமைக்க, அருகிலுள்ள பாலியபால் வட்டாரத்தை அரசு தேர்ந்தெடுத்தது. வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையும் வைத்துப் பிழைத்த அந்த ஊர் விவசாயிகள் நிலத்தைத் தர மறுத்துப் போராடினார்கள். அதனால் சண்டிபூரின் இடைக்காலத் தளம்தான் அக்னிக்குக் கிடைத்தது.

1989 ஏப்ரல் 20. கவுன்ட்டவுன் பதினான்கு விநாடியில் இருந்தபோது கணினி நிறுத்தச் சொன்னது. ஒரு கருவியில் பழுது. சரிசெய்து தொடங்கினால் அடுத்த தடங்கல் வந்தது. அன்று ஏவுதலைக் கைவிட்டார்கள்.

மே 1. இம்முறை பத்து விநாடி மிச்சம். முதல் அடுக்கின் உந்துதிசைக் கட்டுப்பாடு சொன்னபடி கேட்கவில்லை. மறுபடியும் நிறுத்தம். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. அமுல் வெண்ணெய்க்காரர்கள்கூட, அக்னிக்கு எரிபொருளாகத் தங்கள் வெண்ணெயைப் போட்டிருக்க வேண்டும் என்று விளம்பரம் வைத்தார்கள்.

கேலிக்கு உள்ளான அந்த இரண்டு நாட்களும் நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. போர்க்களத்துக்கான ஏவுகணை உத்தரவு வந்ததும் கிளம்ப வேண்டும். அக்னியோ நிலையான மேடையில் நாள்கணக்கில் நின்று, ஒவ்வொரு கருவியும் ஒப்புதல் தந்த பிறகே கிளம்பக்கூடியதாக இருந்தது. ஐயம் வந்தால் நின்றுவிடும்படிதான் அதன் கணினியைப் பழக்கியிருந்தார்கள். சோதனையில் அது குணம். போரில் அது குற்றம்.

மே 22-க்கு முந்தைய இரவின் பின்னேரத்தில் அப்போதைய அமைச்சரவைச் செயலர் டி.என். சேஷனிடமிருந்து தொலைபேசி வந்ததாகவும், ஏவுதலைத் தள்ளிவைக்கும்படி அமெரிக்கத் தரப்பிலிருந்து வந்த அழுத்தத்தை அவர் சொன்னதாகவும், இனித் திரும்ப முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று தாம் பதில் தந்ததாகவும் கலாம் பின்னாளில் எழுதினார். விடிந்ததும் அக்னி போனது. முனை வெந்து போகாமல் திரும்பி வந்தது.

மூன்று எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் இது: செயல்விளக்கம் என்பதெல்லாம் அந்நிய அழுத்தத்தைத் தணிக்கச் சொன்ன சாக்கு. அந்தச் சொல் டெல்லிக்கு வசதியாக இருந்தது உண்மை. ஆனால் வசதியான சொல் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. நைட்ரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும். அதை ராக்கெட்டுக்குள் நிரப்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எளிதல்ல. அந்த அமிலம் என்ன செய்யும் என்பதை 1979 ஆகஸ்ட் 10 அன்றே பார்த்துவிட்டோம், முதல் எஸ்.எல்.வி.-3 இரண்டாம் அடுக்கின் வால்வு அடைத்து அமிலம் கசிந்ததால்தான் கடலில் விழுந்தது. பிருத்வியும் திரவ எரிபொருள் ஏவுகணைதானே, அதைப் படையில் சேர்க்கவில்லையா என்று கேட்கலாம். சேர்த்தார்கள், ஆனால் அது 150 கிலோமீட்டர் போகும், வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய சிறிய கலம். திட அடுக்கின் தலையில் திரவ அடுக்கை ஏற்றி, நிலையான மேடையில் நிறுத்தும் ஏற்பாட்டை எந்தத் தளபதியும் விரும்பிக் கேட்க மாட்டார். கையில் இருந்ததைக் கொண்டு முனையை வேண்டிய வேகத்துக்கு எட்டவைக்கும் சோதனையாளருக்கு மட்டும் அது போதும்.

இரண்டாவது, விண்வெளித் திட்டமே ஆயுதத்துக்கான முகமூடி என்ற குற்றச்சாட்டு. முதல் அடுக்கும் கலாமும் அங்கிருந்து வந்தவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. சோவியத்தின் ஆர்-7, அமெரிக்காவின் அட்லஸ் இரண்டும் ஏவுகணையாகப் பிறந்து பிறகு விண்கலம் சுமந்தவை. இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. ஆனால் எஸ்.எல்.வி.-3-ஐ ஏவுகணைக்காகவே திட்டமிட்டிருந்தால், அடுக்குகளுக்கு முன்பே முனையைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியிருக்க வேண்டும். உந்தத் தெரிந்த பிறகும் திரும்பி வரத் தெரியாமல் இருந்த அந்த இடைவெளிதான், இரண்டு திட்டங்களும் தொடக்கத்தில் தனித்தனியே இருந்தன என்பதற்கு நல்ல சான்று. கடன் வாங்கியது நிஜம். முன்கூட்டிப் போட்ட சதி என்பதற்கு உடம்பில் அடையாளம் இல்லை.

மூன்றாவது எதிர்வாதம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது: அக்னி வெறும் அறிவியல் சோதனை, அதில் ராணுவ நோக்கமே இல்லை. இதை ஏற்கவே முடியாது. 1999 ஏப்ரல் 11 அன்று பறந்த அக்னி-2-ஐப் பாருங்கள். திட முதல் அடுக்கின் வழி தொடர்ந்தது. திரவ இரண்டாம் அடுக்கு போய், அங்கேயும் திட எரிபொருள் வந்தது. மேடைக்குப் பதில் ரயிலில் நகரும் ஏவுவண்டி வந்தது. முனை மட்டும் மேலும் தேறி, 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீச்சுக்குப் போனது. டெவிலின் எஞ்சின் அக்னி வம்சத்திலிருந்து விலகி, பிருத்வியோடு நின்றுவிட்டது. சோதனைக்காக இரவல் வாங்கியதைத் தூக்கிப்போட்டு, ஆயுதத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்ட இந்தத் தேர்வு, 1989-இல் எதைத் தேடினார்கள் என்பதை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே டெல்லி சொன்னதும் பாதி மெய். எதிராளிகள் சொன்னதும் பாதி மெய். உடம்பால் அக்னி சோதனை. வம்சத்தால் ஆயுதம்.

இடையில் ஐந்து ஆண்டுகள்

இந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் ஒட்டாமல் நிற்கிறது.

1992 மே 29-இல் நடந்த இரண்டாவது சோதனை தோற்றது. 1994 பிப்ரவரி 19-இல் நடந்த மூன்றாவது வென்றது. அதோடு அக்னி நின்றது. அதே ஆண்டு மே மாதம் பிரதமர் நரசிம்ம ராவ் வாஷிங்டன் சென்றார். 1996 இறுதியில், செயல்விளக்கத் திட்டம் நிறைவேறிவிட்டது என்று அரசு தெரிவித்தது. மூன்று பறத்தலில் ஒன்று தோல்வி. முனை தேறிவிட்டது என்று ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட அது போதுமா என்பது விவாதத்துக்கு உரியது. போதும் என்றால், அடுத்த ஏவுகணைக்கு உடனே போயிருக்கலாமே? போதாது என்றால், நான்காவது சோதனை ஏன் நடக்கவில்லை? 1998 மே மாதம் பொக்ரானில் பூமி அதிர்ந்த பிறகுதான் அக்னிக்கு மீண்டும் உயிர் வந்தது.

1994-க்கும் 1999-க்கும் இடையில் அக்னியை நிறுத்திவைத்தது ஆய்வுக்கூடத்தின் கணக்கா, டெல்லியின் கணக்கா, வாஷிங்டனின் கணக்கா?

(தொடரும்)